தொண்டின் மீதான உரிமை: காமராசரின் தேர்தல் வாழ்வும் பற்றின்மை என்னும் கேள்வியும்

அதிகாரத்தை விரும்புகிறவர் அந்த விருப்பத்தாலேயே அதற்குத் தகுதியற்றவர் ஆகிவிடுகிறாரா என்பது அறநூல்களும் சமய நூல்களும் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வி. முடியாட்சிக் காலத்தில் இதற்கு விடை கூறுவது ஓரளவு எளிதாக இருந்தது. அரசன் பிறப்பினால் அரியணைக்கு உரியவன் ஆனான். அவன் அதைக் கேட்டுப் பெறவில்லை. ஆகவே கேளாமல் வந்த பொறுப்பை விருப்பு வெறுப்பின்றி ஆற்றியவன் என்று சனகனைப் போன்ற ஒருவனை ஞானியாகப் போற்றுவதில் முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. மக்களாட்சியில் பதவி எவரையும் தானாகத் தேடி வருவதில்லை. வேட்புமனுவில் கையொப்பமிட்டு, வீதி வீதியாகச் சென்று, போட்டியாளரைவிடத் தாமே தகுதியானவர் என்று மக்களிடம் வாதாடியே அதைப் பெற வேண்டியிருக்கிறது. கேட்பதே பற்றின் அடையாளம் என்று கொண்டால், தேர்தலில் நிற்கும் ஒருவரும் பற்றற்றவராக இருக்க இயலாது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டும். பற்றற்றவர் எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றால், ஆட்சி முழுவதும் பற்றுடையோர் கையில் சேர்வதை அறமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்த இக்கட்டை ஆராய்வதற்கு, ஒரே ஒரு தேர்தலோடு நின்றுவிடாமல் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மாறி மாறிப் போட்டியிட்டு, வென்றும் ஒருமுறை தோற்றும், பதவியில் இருந்தும் பதவியைத் துறந்தும் வாழ்ந்த ஒருவரின் வாழ்வே ஏற்ற களம். கு. காமராசரின் வாழ்வு அத்தகையது. அவர் ஆட்சிக்காலத்தின் மிகப் பெரிய கொள்கை அறிவிப்பு ஒன்று நிகழ்ந்த இடம் சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடி. அதிகாரத்துக்கும் இறையன்புக்கும் இடையிலான உறவைப் பற்றித் தமிழ்ச் சமய மரபு பாதுகாத்துவைத்திருக்கும் வரலாறுகளில் சில, அதே ஆவடியைச் சுற்றியுள்ள திருமுல்லைவாயில், பூவிருந்தவல்லி, திருமழிசை, குன்றத்தூர் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவை. அவ்வரலாறுகள் தரும் அளவுகோலைக் கொண்டு காமராசரின் வாழ்வை நோக்குவதும், அவர் வாழ்வைக் கொண்டு அந்த அளவுகோலின் எல்லையை உணர்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பற்று என்னும் சொல் இங்கே எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. திருக்குறளின் துறவு என்னும் அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், 'எனது' என்னும் எண்ணத்தைப் புறப்பற்று என்றும் 'யான்' என்னும் எண்ணத்தை அகப்பற்று என்றும் பிரித்துக் காட்டுகிறார். பொதுவாழ்வில் இருப்பவருக்கு இப்பாகுபாட்டைப் பொருத்தினால், பதவியால் வீடும் நிலமும் பணமும் சேர்க்கும் ஆசை புறப்பற்று ஆகும். இவ்வளவு நன்மைகளைச் செய்தவன் யான், ஆகவே இம்மக்கள் எனக்குக் கடன்பட்டவர்கள் என்ற எண்ணம் அகப்பற்று ஆகும். முதலாவதைப் பிறர் எளிதில் கண்டுகொள்வார்கள். இரண்டாவது தொண்டின் உள்ளேயே வளர்வதால், தொண்டு பெருகப் பெருக அதுவும் வளரக்கூடியது. அது தொண்டு செய்பவர் கண்ணுக்கே புலப்படாமல் போவதும் உண்டு.

நான்கு விடைகள்

பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டத்துடன் சோழப் பேரரசில் முதலமைச்சராக விளங்கியவர் என்றும், அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் பெரியபுராணத்தை இயற்றியவர் என்றும் மரபு கூறுகிறது. அவர் வரலாற்றைச் சொல்லும் சேக்கிழார் புராணம் உமாபதி சிவம் இயற்றியதாகக் கருதப்படுவது. அரசன் நூலை அரங்கேற்றச் செய்து ஆசிரியரை யானைமேல் ஏற்றிச் சிறப்பித்த பின், சேக்கிழார் மீண்டும் அமைச்சுக்குத் திரும்பாமல் தில்லையிலேயே தவநெறியில் தங்கினார் என்றும், அவர் வகித்த பொறுப்பு அவருடைய தம்பி பாலறாவாயருக்குத் தரப்பட்டது என்றும் அது உரைக்கிறது. அதிகாரமும் ஆன்மிகமும் வாழ்வின் வெவ்வேறு பருவங்களுக்கு உரியவை, ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் விடை.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசையில் அவதரித்த திருமழிசை ஆழ்வாரின் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது. ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் தன்னைப் புகழ்ந்து பாட மறுத்தமையால் பல்லவ மன்னன் அவரைக் காஞ்சியைவிட்டு வெளியேறச் சொன்னான். சீடருடன் ஆழ்வாரும், ஆழ்வார் வேண்டியபடி திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் நகரைவிட்டு நீங்கினர். மன்னன் தன் பிழையை உணர்ந்து வேண்டிய பின்னரே மூவரும் திரும்பினர் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அதிகாரம் அறத்தை மீறும்போது அதனோடு ஒத்துழையாமல் விலகி நிற்பதே உயர்ந்தது என்பதும், அறம் நீங்கிய நகரில் தெய்வமும் தங்காது என்பதும் இதன் கருத்து.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலவரலாறு, அரசனாகவே இருந்துகொண்டு அறத்தை உணர்ந்த ஒருவனைக் காட்டுகிறது. குறும்பர்களோடு போரிட வந்த தொண்டைமான், தன் யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை வாளால் வெட்டியபோது கொடியின் அடியிலிருந்த சிவலிங்கத்தின்மேல் வாள் பட்டுக் குருதி பெருகியது; தன் செயலுக்குத் தானே தண்டனை விதித்துக்கொள்ள வாளைத் தன் கழுத்துக்கு உயர்த்திய அரசனை இறைவன் தடுத்து, நந்தியைத் துணையாக அனுப்பினார் என்பது அவ்வரலாறு. அவன் அரசைத் துறக்கவில்லை. திரும்பிச் சென்று போரை முடித்து, நாட்டை ஆண்டு, கோயிலும் எழுப்பினான். பிறர்மேல் ஓங்கிய வாளைத் தன்மேலும் ஓங்கத் தயங்காத மனநிலையே, அவன் தொடர்ந்து ஆள்வதற்கான தகுதியாக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

நான்காவது விடையைப் பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியின் வாழ்வு தருகிறது. இராமாநுசர் தம் ஆசிரியராக மதித்த நம்பி, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டைச் செய்தவர். ஆலவட்டம் என்பது இறைவன் திருமேனிக்குக் காற்று வீசப் பயன்படும் வட்ட விசிறி. நெடுங்காலம் இத்தொண்டைச் செய்த நம்பி தமக்கு வீடுபேறு உண்டா என்று கேட்டபோது, நம்பி விசிறியதற்கும் தாம் அவரோடு பேசியதற்கும் சரியாகிவிட்டது என்று பெருமாள் விடையிறுத்தார் என்பது வைணவர்களிடையே வழங்கும் செய்தி. இதன் உட்பொருள் ஆழ்ந்து எண்ணத்தக்கது. எவ்வளவு தூய தொண்டானாலும் அது தெய்வத்தையே கடனாளி ஆக்கிவிடாது. தொண்டு செய்யக் கிடைத்த அண்மையே அத்தொண்டின் பயன். அதற்கு மேல் கோருவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. பரிமேலழகர் சுட்டும் அகப்பற்றின் மிக நுண்ணிய வடிவம், பக்தனின் உள்ளத்திலும் ஒளிந்திருக்கக்கூடிய வடிவம், இங்கே வேரோடு களையப்படுகிறது.

கீதையும் குறளும் வகுக்கும் எல்லை

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சந்நியாசம், தியாகம் என்ற இரண்டையும் வேறுபடுத்திப் பேசுகிறது. ஆசையால் தூண்டப்படும் செயல்களை விட்டுவிடுவது சந்நியாசம். செயலை விடாமல் அதன் பயனை விடுவது தியாகம். தியாகத்திலும் மூன்று தரம் உண்டு. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் கைவிடுவது தாமசம். துன்பம் தருவது என்று அஞ்சிக் கைவிடுவது இராசசம். கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பயனையும் கைவிடுவது சாத்துவிகம். பதவியை விட்டு விலகுவது எதுவாயினும் உயர்ந்த தியாகம் என்று கொள்ளும் பொது வழக்கத்துக்கு இப்பாகுபாடு இடம் தருவதில்லை. விலகல் மயக்கத்தாலும் நிகழலாம், களைப்பாலும் நிகழலாம். ஆகவே விலகினாரா என்பதைவிட, எதை விட்டார் என்பதே கீதையின் நோக்கில் முதன்மையான கேள்வி.

திருக்குறளின் அதிகார வைப்பு முறையும் இத்திசையில் சிந்திக்க இடம் தருகிறது. துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல் என 35, 36, 37ஆம் அதிகாரங்கள் அமைந்திருக்க, ஆட்சியைப் பற்றிய இறைமாட்சி 39ஆம் அதிகாரமாகப் பொருட்பாலைத் தொடங்கிவைக்கிறது. துறவுக்கும் ஆட்சிக்கும் இடையே 38ஆம் அதிகாரமாக நிற்பது ஊழ். ஊழ் என்பது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டு வினைப்பயனை வகுக்கும் ஒழுங்கு. ஆட்சியைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர், தம் முயற்சியின் விளைவு தம் கையில் முழுமையாக இல்லை என்ற உண்மையைக் கடந்தே அங்கு வந்துசேர்கிறார். ஆள்பவருக்குத் துறவியின் வேடத்தைக் குறள் கேட்கவில்லை. தம் ஆற்றலின் எல்லையை அறிந்த மனத்தையே கேட்கிறது என்று இந்த வரிசையிலிருந்து பொருள் கொள்ளலாம்.

இந்திய அரசியலமைப்பும் தன் மொழியில் இதே கோரிக்கையை வைக்கிறது. அதன் மூன்றாம் அட்டவணையில் உள்ள அமைச்சருக்கான உறுதிமொழியைக் கடவுளின் பெயரால் ஏற்கலாம், அல்லது உளமார உறுதிகூறி ஏற்கலாம். இரண்டு வழியிலும், அச்சமோ தயவோ விருப்போ வெறுப்போ இன்றி அனைவருக்கும் நேர்மை செய்வதாகவே அமைச்சர் வாக்களிக்கிறார். விருப்பும் வெறுப்பும் இல்லாமை என்பது திருக்குறளின் முதல் அதிகாரத்தில் இறைவனுக்கு உரிய இயல்பாகக் கூறப்படுவது. இறைவனின் இயல்பாகப் போற்றப்பட்ட ஒன்றை மனிதர் ஒருவரின் பணிக்கடமையாக அரசியலமைப்பு ஆக்கியிருக்கிறது என்பதாலும், கடவுள் நம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் அக்கடமையில் சமமாகக் கட்டுண்டிருக்கிறார்கள் என்பதாலும், பற்றின்மை பற்றிய இவ்விசாரணை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியது அன்று என்பது தெளிவாகிறது.

முப்பத்தெட்டு ஆண்டுகள்

1903ஆம் ஆண்டு சூலை 15 அன்று விருதுநகரில் பிறந்த காமராசர், விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்று பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். 1937இல் சாத்தூர் தொகுதியிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவர் ஆனார். 1941இல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியிலிருந்து விலகினார். முழுமையாகப் பணியாற்ற இயலாத ஒரு பொறுப்பைப் பெயரளவில் வகிப்பது முறையன்று என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலத்தில் பேசப்பட்ட பெரிய விலகலைக் காட்டிலும், யாரும் பெரிதாகக் கவனிக்காத இந்தச் சிறிய விலகல் அவரது மனப்போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது. பதவியை ஒரு பட்டமாகக் கருதுகிறவர் அதை வைத்துக்கொண்டிருப்பார். பணியாகக் கருதுகிறவருக்குப் பணி செய்ய முடியாத பதவி பொருளற்றதாகிவிடும்.

இந்திய அரசியலமைப்பு நிர்ணய மன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர், 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் திருவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது அவர் மாநிலச் சட்டமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். சட்டமன்ற உறுப்பினர் அல்லாத அமைச்சர் ஆறு மாதங்களுக்குள் உறுப்பினராக வேண்டும் என்ற விதி இருந்தது. 1952இல் இராசாசி மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு முதலமைச்சராக இருந்த முன்மாதிரியும் இருந்தது. அந்த எளிய வழியை நாடாமல், காமராசர் தமது சொந்த மாவட்டத்துக்கு வெகு தொலைவில் இருந்த குடியாத்தம் தொகுதி இடைத்தேர்தலில் நின்று வென்றார். பின்னர் 1957இலும் 1962இலும் சாத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967இல் விருதுநகரில் தோற்றார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குத் திரும்பி, 1971இல் அதே தொகுதியில் மீண்டும் வென்று, 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று மறையும்வரை உறுப்பினராக இருந்தார்.

குடியாத்தம் முடிவை இக்கட்டுரையின் முதற்கேள்வியோடு இணைத்துப் பார்க்க வேண்டும். கேளாமல் பதவி பெறும் வழி திறந்திருந்தும் அவர் கேட்டுப் பெறும் வழியையே தேர்ந்தார். பழைய நோக்கில் கேட்பது பற்றின் அடையாளமாகத் தோன்றும். மக்களாட்சியிலோ அதன் பொருள் தலைகீழாகிறது. வாக்குக் கேட்கிறவர் மறுக்கப்படும் வாய்ப்புக்குத் தம்மை ஆளாக்கிக்கொள்கிறார். தம் தகுதியைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் உரிமையைக் கைவிட்டு, அத்தீர்ப்பை முன்பின் அறியாத மக்களிடம் ஒப்படைக்கிறார். எனவே வாக்குக் கேட்டல் தன்முனைப்பின் வடிவமாகவும் இருக்கலாம், தன்முனைப்பைப் பிறர் தீர்ப்புக்கு உட்படுத்தும் பணிவாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை வெற்றியைக் கொண்டு அறிய முடியாது. மறுப்பு வரும்போது அவர் எப்படி நிற்கிறார் என்பதைக் கொண்டே அறிய முடியும்.

ஆவடியும் பயனும்

1955ஆம் ஆண்டு சனவரியில் யு. என். தேபர் தலைமையில் காங்கிரசு மாநாடு ஆவடியில் கூடியது. மாநாடு நடந்த இடத்துக்குக் காமராசரின் அரசியல் ஆசானான தீரர் சத்தியமூர்த்தியின் நினைவாகச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிடப்பட்டது. பிரதமர் நேரு முன்னிலையில், சமதர்ம அமைப்புடைய சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருந்து, செல்வம் நியாயமாகப் பகிரப்படும் சமுதாயம் என்பது அதன் பொருள். அத்தீர்மானத்தின் பொருளாதார நன்மை தீமைகள் பற்றி இன்றுவரை வாதங்கள் தொடர்கின்றன. இக்கட்டுரைக்கு வேண்டியது அதன் அறக்கூறு மட்டும்: ஆட்சியின் பயன் ஆள்பவருக்கோ அவரைச் சூழ்ந்தவருக்கோ உரியது அன்று, எளியவருக்கு உரியது என்ற கோட்பாடு ஓர் அரசின் பொதுக் கடமையாக அங்கே அறிவிக்கப்பட்டது.

காமராசரின் ஆட்சியில் இக்கோட்பாடு கல்வியில்தான் மிகத் தெளிவாகச் செயல்வடிவம் பெற்றது. பொறுப்பேற்ற 1954இலேயே, பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பகுதி நேரம் கற்கும் வகையில் முந்தைய அரசு கொண்டுவந்திருந்த, குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்களால் அழைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியோடு, ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டியவற்றை முன்வந்து அளிக்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. தம்மை எதிர்த்துத் தலைமைக்குப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த எம். பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டதும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் இந்து சமய அறநிலையத்துறையை ஒப்படைத்ததும் அதே அமைச்சரவையின் செயல்களே. முதற்செயல் வெறுப்பின்மைக்குச் சான்று. நெடுங்காலம் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் கோயில்களின் நிருவாகத்துக்கே பொறுப்பேற்ற இரண்டாம் செயல், வேளாளரல்லாதாரும் அந்தணரல்லாதாருமான அடியார்களை ஆசிரியராகப் போற்றிய பக்தி நெறியின் சமத்துவ உணர்வை ஆட்சியின் மொழியில் கூறியது எனலாம்.

மேற்குச் சென்னையின் தொழில் வளர்ச்சியும் இக்காலத்தோடு தொடர்புடையது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை 1949இலேயே தொடங்கியிருந்தது என்றாலும், அப்பகுதி பெருந்தொழில் வட்டாரமாக மாறியது 1960களில்தான். தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் பங்கோடு திட்டமிடப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, காமராசர் முதலமைச்சர் பதவியை விட்டு நீங்கிய பின்னரே முழுவடிவம் பெற்றது. ஆவடியில் ஒன்றிய அரசின் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து விசயந்தா டாங்கிகள் வெளிவரத் தொடங்கியதும் அதன் பின்னரே. ஒரு தலைமுறையின் ஆட்சி முடிவுகள் பயன் தரும்போது அம்முடிவுகளை எடுத்தவர்கள் பெரும்பாலும் பதவியில் இருப்பதில்லை. பயன் பெறுகிறவர்கள் அவர்களை அறிந்திருப்பதும் இல்லை. தன் பயனைத் தானே காண்பதற்கு முன்பே செய்பவர் விலகிவிட நேர்கிற ஒரு செயற்களத்தில், பயனில் பற்று வைக்காதிருக்கும்படி கீதை கூறுவதை உயர்ந்தோருக்கு மட்டும் உரிய அறிவுரையாகக் கொள்ள வேண்டியதில்லை. அக்களத்தின் இயல்பை உள்ளவாறு அறிந்துகொள்வதாகவே கொள்ளலாம்.

1963: விலகலின் இரு முகங்கள்

காமராசர் திட்டம் என்று பெயர் பெற்ற ஏற்பாடு 1963இல் உருவானது. 1962 பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சென்னைச் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றிருந்தது. 1963இல் வடநாட்டில் நடந்த முதன்மையான மக்களவை இடைத்தேர்தல்களில் கிருபளானி, லோகியா, மினு மசானி ஆகியோரிடம் காங்கிரசு தோற்றிருந்தது. மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பைவிட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று காமராசர் முன்மொழிய, நேரு அதை ஏற்க, காமராசர் உட்பட ஆறு முதலமைச்சர்களும், மொரார்சி தேசாய், லால் பகதூர் சாத்திரி, செகசீவன்ராம் உள்ளிட்ட ஆறு ஒன்றிய அமைச்சர்களும் பதவி விலகினர். 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகித்த முதலமைச்சர் பொறுப்பைக் காமராசர் பக்தவத்சலத்திடம் விட்டு நீங்கினார்.

இவ்விலகலைத் துறவு என்று போற்றுவோரும், போட்டியாளர்களை அகற்றுவதற்கான உத்தி என்று குறைகூறுவோரும் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இரு தரப்பும் ஒரு முதன்மையான வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகின்றன. பதவியை விட்ட காமராசர் செல்வாக்கை விடவில்லை. அவரே அகில இந்தியக் காங்கிரசின் தலைவர் ஆனார். 1964இல் சாத்திரியையும் 1966இல் இந்திரா காந்தியையும் பிரதமராகத் தேர்ந்தெடுத்ததில் அவர் பங்கே முதன்மையானது. இரு முறையும் தாம் பிரதமராக முயலாதது அவரது பற்றின்மைக்கு வலுவான சான்று என்பதில் ஐயம் இல்லை. ஆயினும் முதலமைச்சரின் அதிகாரத்துக்குச் சட்டம் வகுத்த எல்லை உண்டு, சட்டமன்றத்தின் கேள்வி உண்டு, தணிக்கை உண்டு. பிரதமரைத் தீர்மானிக்கும் ஒருவரின் செல்வாக்குக்கு அத்தகைய எல்லைகள் இல்லை. அதற்கு அவர் எந்த அவையிலும் கணக்குக் கூற வேண்டியதில்லை. பதவியைத் துறந்து செல்வாக்கை வைத்துக்கொள்வது, பதவியை வகித்துக் கணக்குக் கூறுவதைக் காட்டிலும் அறநோக்கில் இடர் மிகுந்தது என்பதை, காமராசரின்பால் கொண்ட மதிப்புக் குறையாமலே கூற வேண்டும். சேக்கிழார் தில்லையில் தங்கியபோது அமைச்சோடு அதன் செல்வாக்கையும் விட்டார் என்பதால்தான் அவரது விலகல் முழுமையானது. மக்களாட்சித் தலைவர் ஒருவருக்கு அத்தகைய முழு விலகல் எளிதும் அன்று, எப்போதும் விரும்பத்தக்கதும் அன்று.

மேலும், கீதையின் பாகுபாட்டை ஏற்றால், மாநிலத்தில் முடிவுறாத கடமைகள் இருக்க விலகியது சரியா என்ற வினாவும் எழும். அடுத்த நான்காண்டுகளில் உணவுத் தட்டுப்பாடும் 1965இன் மொழிப் போராட்டமும் தமிழ்நாட்டை உலுக்கியபோது, மக்களோடு நெருங்கிப் பழகிய அவர் முதலமைச்சராக இல்லை. பொதுக்கடமை இரண்டு ஒன்றோடொன்று மோதும்போது எதை விடுவது என்பதைப் பற்றின்மை மட்டும் தீர்மானித்துவிடாது. அதற்கு விவேகமும் வேண்டும். அவ்விவேகம் தூயவரிடத்தும் பிழைபடக்கூடும்.

1967: கடன் இல்லாத தொண்டு

1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், பிறந்த ஊரான விருதுநகரிலேயே, திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் காமராசர் தோற்றார். அவர் கட்சியும் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது. மதிய உணவு உண்டு படித்த தலைமுறையில் ஒரு பகுதியினர் வாக்காளராகிய காலம் அது. இத்தோல்வியை நன்றிமறதி என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. காமராசர்மேல் கொண்ட அன்பினால் கூறப்படுவதாயினும், இக்கூற்று அவர் வாழ்வின் பொருளையே தவறாகக் கொள்கிறது. பிள்ளைக்கு அளித்த உணவு வாக்குக்கு ஈடாக அளித்த முன்பணம் அன்று; அது அப்பிள்ளையின் உரிமை. உரிமையைப் பெற்றவர் கடனாளி ஆவதில்லை. ஆலவட்டம் வீசிய நம்பிக்குக் கிடைத்த விடையின் கருத்தை இங்கே பொருத்தினால், மக்களுக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பே அத்தொண்டின் ஊதியம். ஒன்பது ஆண்டுகள் அவ்வாய்ப்பைத் தந்ததோடு மக்களின் கணக்கு நேராகிவிட்டது. அடுத்த தேர்தலில் அவர்கள் முழு உரிமையோடு, புதிதாகவே தீர்மானிக்கலாம்.

காமராசர் இத்தோல்விக்குப் பின் நடந்துகொண்ட முறையில்தான் அவரது பற்றின்மையின் உயர்ந்த நிலை வெளிப்படுகிறது. அவர் மனம் கசந்து பொதுவாழ்வைவிட்டு ஒதுங்கவில்லை. அவ்வாறு ஒதுங்கியிருந்தால் அது துறவு என்று கூடப் புகழப்பட்டிருக்கும். ஆனால் அது காயம்பட்ட தன்முனைப்பின் மற்றொரு வடிவமாகவே இருந்திருக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் நாகர்கோவிலில் மீண்டும் மக்கள் முன் நின்று வாக்குக் கேட்டார். 1969இல் கட்சி பிளவுபட்டபோது வெல்லும் அணியோடு செல்லாமல், தாம் சரியென்று நம்பிய அணியில் நின்று 1971இன் பெருந்தோல்வியையும் ஏற்றார். முதலமைச்சராகவும் தேசியக் கட்சியின் தலைவராகவும் இருந்த ஒருவர், ஆட்சியில் இல்லாத ஓர் அணியின் சாதாரண மக்களவை உறுப்பினராக வாழ்வின் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். சென்னையில் வாடகை வீட்டிலேயே மறைந்தார். சொந்த வீடு இல்லாமையைப் போற்றும் மக்கள், அதனினும் பெரிய இல்லாமை ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மக்கள் தமக்குக் கடன்பட்டவர்கள் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. முன்னது புறப்பற்றின் நீக்கம். பின்னது அகப்பற்றின் நீக்கம்.

வாக்காளரின் பற்றும் விசாரணையின் முடிவும்

பற்றின்மையைத் தலைவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது அரைகுறையான அறம். இறைவன் இடத்தில் வைத்து எண்ணப்படும் மக்களும் தம் தீர்ப்பை விருப்பு வெறுப்பின்றி வழங்கக் கடமைப்பட்டவர்கள். பணத்துக்காகவோ, சாதி உறவுக்காகவோ, பழைய உதவிக்குக் கைம்மாறாகவோ தரப்படும் வாக்கு, மக்களையும் தலைவரையும் ஒருவருக்கொருவர் கடனாளிகள் ஆக்கிவிடுகிறது. கடன் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்கும் உரிமை மங்கிவிடும். தொகுதி என்பதுகூட ஒருவருக்கு நிலையாக உரிய நிலம் அன்று. 2008ஆம் ஆண்டு எல்லை மறுவரையறைக்குப் பின் ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் ஆகியவை புதிய சட்டமன்றத் தொகுதிகளாகி 2011இல் முதல் தேர்தலைக் கண்டன. பூவிருந்தவல்லியும் ஆவடியும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியிலும், அம்பத்தூரும் மதுரவாயலும் திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதியிலும் அடங்கின. நேற்றுவரை ஒருவரின் கோட்டை என்று கருதப்பட்ட நிலம் இன்று வேறு பெயரில், வேறு எல்லையில், வேறு மக்களோடு கூடி வேறொருவரைத் தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம், தேர்தல், எல்லை மறுவரையறை ஆகிய ஏற்பாடுகள், குறள் ஊழ் என்று உணர்த்திய நிலையாமையைச் சட்டத்தின் வடிவில் ஆட்சிக்குள் நிலைநிறுத்துகின்றன.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பப்பட்ட கேள்விக்கு விடை இவ்வாறு அமைகிறது. பதவியைக் கேட்பது பற்றுடைமைக்குச் சான்று அன்று. பதவியை விடுவது பற்றின்மைக்குச் சான்றும் அன்று. நீண்ட தேர்தல் வாழ்வில் பற்றின்மை என்பது, செய்த தொண்டின்மேல் உரிமை கொண்டாடாமல், ஒவ்வொரு முறையும் முன்பு எதுவும் செய்யாதவரைப் போலவே மக்களின் தீர்ப்புக்கு உட்படுவதும், அத்தீர்ப்பு எதிராக வந்தபோதும் மக்கள்மேல் அன்பு குறையாமல் பணியைத் தொடர்வதும் ஆகும். சேக்கிழாரின் விலகலும் கணிகண்ணனின் மறுப்பும் மேன்மையானவை. ஆயினும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பொருந்தும் வழி, தொண்டைமானைப் போலத் தன்மேலும் தீர்ப்பைச் செலுத்திக்கொண்டு, நம்பியைப் போலத் தொண்டின் கணக்கை அன்றன்றே நேர்செய்துகொண்டு வாழ்வதே. அது கடினமான வழிதான் என்றாலும் மனிதரால் இயலாத வழி அன்று என்பதை, குறைகளும் பிழைகளும் உட்பட, காமராசரின் வாழ்வு மெய்ப்பித்திருக்கிறது. இனி வாக்குக் கேட்டு வருவோரிடம் மக்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இதுவரை என்ன செய்தீர்கள் என்பதோடு நின்றுவிடலாகாது. செய்தவற்றுக்காக எங்களைக் கடனாளிகளாகக் கருதுகிறீர்களா என்பதும் அதனுடன் சேர வேண்டும்.